என் பேர் போட்ட அட்டை

ஜூன் 11, 2025, புதன்

இன்றைக்கு கேன்டீனில் ஒருவர் என்னை "மேடம்" என்றார். இந்த ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக நான் சிஸ்டர். வீட்டில் வினி. பாப்பாவுக்கு அம்மா. மேடம் ஆனது இதுதான் முதல் தடவை. அதனால்தானோ என்னவோ, நின்று கேட்டேன்.

பெயர் ஃபயாஸ். கழுத்தில் டை, நெற்றி முழுக்க வியர்வை. மேசையில் நோட்டீஸ்களைப் பரப்பி வைத்திருந்தார். "சேலரி ஸ்லிப் இருந்தாப் போதும் மேடம், கிரெடிட் கார்டு வாங்கிரலாம். முதல் வருஷம் ஃப்ரீ." வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள், "கார்டு உங்க பேர்லயே வரும், மெசேஜ் உங்க போனுக்கே வரும்" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

என் போனுக்கே!

சம்பளக் கணக்கும் என் பேரில்தான் இருக்கிறது. ஆனால் அதைத் திறந்தபோது என்னிடம் பட்டன் போன் இருந்தது, அதுவும் பாதி நேரம் செத்துக் கிடக்கும். அதனால் பாரத்தில் என் வீட்டுக்காரர் மதன் தன் நம்பரை எழுதினார். டெபிட் கார்டு வந்ததும் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். ஏழாம் தேதி சம்பளம் விழுந்தால் அவர் போன்தான் சத்தம் போடும். எடுத்து வந்து வாடகை, அவர் கடைக்கு வாங்கின கடன், ஸ்கூல் பீஸ் எல்லாம் பார்த்துவிட்டு என் கையில் இரண்டாயிரம் தருவார். மேலே வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்டால் தருவார், ஒருநாளும் இல்லை என்றதில்லை. ஆனால் முதலில் "எதுக்கு?" என்பார்.

இன்று காலையில்கூட. ஆட்டோவுக்கு நூறு ரூபாய். "எதுக்கு? பஸ் ஓடலையா?"

ஜூன் 12

பாண்டிச்செல்வி அக்காவிடம் சொன்னேன். வார்டில் எனக்கு மூத்தவர், இருபது வருட சர்வீஸ். ஊசி மருந்தை எண்ணிக்கொண்டே, "அடியே, டெபிட்டுன்னா உங்காசு. கிரெடிட்டுன்னா அவங்காசு. அடுத்தவங்காசுல எவளாச்சும் தினம் காய்கறி வாங்குவாளா?" என்றார்.

"எங்காசு எங்கிட்ட இல்லையேக்கா."

எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

ஜூன் 14, சனி

பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்!!

மத்தியானம் டியூட்டி ரூமில் வீடியோ கால் வந்தது. பான் கார்டைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அவசரத்தில் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. அந்தப் பக்கத்துப் பெண் சிரித்து, "மெதுவாப் போடுங்க மேடம்" என்றாள். இன்னொரு மேடம்.

முகவரி ஆஸ்பத்திரிதான் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால்? வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

இது பொய்யா? கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேருமா?

ஜூன் 24, செவ்வாய்

வந்துவிட்டது. ரிசப்ஷனில் கையெழுத்துப் போட்டு வாங்கி, நேராக பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிரித்தேன். நீல நிற அட்டை. என் பேர். அப்பா பேரின் முதலெழுத்தோடு, கல்யாணத்துக்கு முன்னால் நான் எழுதின மாதிரியே. விரலால் தடவிப் பார்த்தேன்.

லிமிட் நாற்பதாயிரம். இரண்டு மாதச் சம்பளம்! ஃபயாஸுக்கு போன் போட்டேன். பொறுமையாகச் சொல்லித் தந்து, என் போனிலேயே ஸ்கேன் பண்ணும்படி இணைத்துக் கொடுத்தார். இன்னும் என்னென்னவோ சொன்னார், பில் தேதி, ஏடிஎம், வட்டி என்று. "சரிங்க, சரிங்க" என்றேன். காதில் ஏறியது பாதிகூட இருக்காது. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25

முதல் செலவு. மெடிக்கலில் ஒரு பேனா, ஒரு பிஸ்கட் பாக்கெட். நாற்பத்தைந்து ரூபாய். யாரும் எதுக்கு என்று கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

டியூட்டி முடிந்து சூப்பர் மார்க்கெட். தள்ளுவண்டி எடுத்துக்கொண்டேன்! எப்போதும் கூடைதான் எடுப்பேன், கூடை நிறைந்தால் கை வலிக்கும், அதோடு நிறுத்திவிடலாம் என்று. இன்றைக்குப் பாப்பாவுக்குப் பிடித்த சீஸ், நல்ல நெய், எனக்கென்று ஒரு ஷாம்பு. 1,286 ரூபாய். மூளையில் கூட்டல் போடாமல் வரிசையில் நின்றேன். அந்த நிம்மதியை எப்படி எழுதுவது?

ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஒச்சம்மாளிடம் கதை நடக்கவில்லை. தினம் அவரிடம்தான் பூ வாங்குவேன். இரண்டு முழம் மல்லிகைக்கு ஸ்கேன் பண்ணினேன், போகவில்லை. மறுபடி. போகவில்லை. அது அவருடைய சொந்தக் கணக்காம், கடைக் கணக்கு இல்லையாம், கிரெடிட் கார்டு அங்கே செல்லாதாம். "போத்தா, நாளைக்குக் குடு" என்று பூவைக் கையில் திணித்தார்.

நாற்பதாயிரத்தைப் பையில் வைத்துக்கொண்டு அறுபது ரூபாய்க்குக் கடன் சொல்லி வந்தேன்.

ஜூன் 30, திங்கள்

கண்ணாடி வாங்கிவிட்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதியதில்லை. ஐந்தாறு மாதமாக தூரத்து போர்டும் கலங்குகிறது, மருந்துக் குப்பியில் சின்ன எழுத்தும் கலங்குகிறது. ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கித்தான் படிப்பேன். போன வாரம் ஒரு குழந்தைக்கு மருந்து ஏற்றுமுன் பாண்டிச்செல்வி அக்காவைப் படித்துச் சொல்லச் சொன்னேன். "கண்ணுல தூசிக்கா" என்றேன்.

கடையில் டெஸ்ட் பண்ணி, பிரேம் பார்த்து, 2,850. கட்டிவிட்டு, சுற்றிலும் யாரோ என்னைக் கேட்கப்போவது மாதிரி நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தால் — ஐயோ, எதிர்ப்பக்கத்து போர்டில் போன் நம்பர் வரைக்கும் தெரிகிறது! திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் மழைநீர் வழிந்த கோடெல்லாம் தெரிகிறது! பைத்தியம் மாதிரி ஒவ்வொரு கடைப் பெயராகப் படித்துக்கொண்டே நடந்தேன்.

ஜூலை 1

"கண்ணாடி ஏது?"

"ஆஸ்பத்திரில கேம்ப் போட்டாங்க. சும்மா குடுத்தாங்க."

"நல்லாருக்கு உனக்கு" என்றார். அவ்வளவுதான். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

இப்போது இது பொய்தான். சந்தேகமே இல்லை.

ஜூலை 5, சனி

கையில் காசு சுத்தமாக இல்லை. பஸ்ஸுக்கு, பூவுக்கு, பாப்பா ஸ்கூலில் மாறுவேடப் போட்டிக்கு எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான் வேண்டியிருக்கிறது. கேட்கப் பிடிக்கவில்லை. ஏடிஎம்மில் நீல அட்டையைச் சொருகி இரண்டாயிரம் எடுத்தேன். அழகாக வந்தது. இம்புட்டு சுலபமா!

ஜூலை 7

இட்லி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன் சத்தம் போட்டது. பார்த்துவிட்டு, "வினி, உனக்கு சம்பளம் வந்துருச்சு" என்றார். எனக்கு வந்ததை எனக்கு அவர் சொல்கிறார். இத்தனை வருடமும் இப்படித்தான் சொல்லியிருப்பார். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

ஜூலை 12

பாப்பாவுக்கு ஷூ 799. வார்டில் எல்லோருக்கும் என் கணக்கில் பிரியாணி 640 — பிறந்தநாளா என்று கேட்டார்கள், சும்மாதான் என்றேன். சின்னாளபட்டியிலிருந்து சேலை கொண்டுவந்த அக்காவிடம் மாம்பழ நிறத்தில் சுங்குடி, 950. அவரிடம் கடைக் கணக்கு இருந்தது. ஸ்கேன் பண்ணினேன், ஒரே சந்தோஷம்.

ஜூலை 18, வெள்ளி

பில்.

9,197 ரூபாய். என்னது? திரும்பத் திரும்பக் கூட்டினேன். நான் செலவழித்தது 8,570தான். மிச்சம் எங்கிருந்து வந்தது? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். ஏடிஎம்மில் எடுத்த இரண்டாயிரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கட்டணம், அதற்கு வரி, எடுத்த நாளிலிருந்தே வட்டி. ஃபயாஸிடம் கேட்டேன். "அன்னைக்கே சொன்னேனே மேடம், ஏடிஎம்ல மட்டும் எடுத்துராதீங்கன்னு." சொல்லியிருப்பார். நான்தான் சரிங்க சரிங்க என்றேன்.

ஆகஸ்ட் 7க்குள் கட்ட வேண்டும். சரி, கட்டிரலாம், சம்பளம் அன்னைக்குத்தான் — ஐயோ. எந்தச் சம்பளம்? எங்க இருக்கு எஞ்சம்பளம்? அவர் போன்ல, அவர் பர்ஸ்ல. எங்காசை எடுத்து இதைக் கட்டணும்னா அவர்ட்டதான் கேக்கணும். எதுக்குன்னு கேப்பாரு. என்னன்னு சொல்லுவேன்?

எந்தக் கேள்விக்குப் பயந்து இந்த அட்டையை வாங்கினேனோ, அந்தக் கேள்வி முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

ஜூலை 19

பில்லில் கீழே இன்னொரு எண் இருந்தது. குறைந்தபட்சத் தொகை 690. கையில் உள்ளதை வைத்து அதைக் கட்டிவிடலாமே? அக்காவிடம் கேட்டேன். அடிக்காத குறை.

"எந்தம்பி பழனிக்குமாரு இப்புடித்தான், மினிமம் மினிமம்னு ரெண்டு வருஷம் கட்டுனான். வட்டிக்குத்தான் சரியாப்போச்சு, அசலு அப்புடியே கெடந்துச்சு. முழுசாக் கட்டு. இல்லைனா வாங்காத. அம்புட்டுதான்."

"நீங்க கொஞ்சம் குடுங்களேன்க்கா, ஏழாம் தேதி—"

"தருவேன். தந்துட்டா நீ அந்த பேங்குப் பக்கம் போவியாடி?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. எந்த பேங்க் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஜூலை 21, திங்கள்

காலை ஷிப்ட் முடிந்து, யூனிபார்மோடு சம்பளக் கணக்கு இருக்கிற பேங்குக்குப் போனேன். பாஸ்புக், ஆதார்.

கவுன்டரில் ஒரு இளவயது ஆபீசர், ஜெரின் என்று மேசையில் பெயர்ப் பலகை. "கணக்குல போன் நம்பர் மாத்தணும் சார்."

"இந்தாங்க பாரம். ஆதார் காப்பி இருக்கா?"

"சார்... வீட்டுக்காரர் வரணுங்களா?"

தலையை நிமிர்த்திப் பார்த்தார். "எதுக்கு?"

இவ்வளவு நாளாக எனக்கு இந்த வார்த்தை முள்ளாகத்தான் குத்தியது. இன்றைக்கு எழுந்து அந்த மனிதருக்குக் கை கொடுக்கலாம் போலிருந்தது. "கணக்கு உங்க பேர்லதானம்மா இருக்கு? நீங்க வந்தாச்சு. உங்க கையெழுத்துப் போதும்."

போட்டேன். என்னுடையது மாதிரியேதான் இருந்தது.

கிளம்பும்போது, "பழைய நம்பருக்கும் ஒரு மெசேஜ் போகும்மா, நம்பர் மாத்திருக்குன்னு. பாதுகாப்புக்காக. ரெண்டு மூணு நாள்ல" என்றார்.

அப்படியானால் அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். மெசேஜ் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது.

ஜூலை 22, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் நாகல் நகரில் அவர் கடைக்கே போனேன். மொபைல் சர்வீஸ் கடை, ஆறடிக்கு எட்டடி. யாரோ ஒருவருடைய போனைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்டமர் போனதும் நீல அட்டையை மேசையில் வைத்தேன். கண்ணாடி, கேம்ப் பொய், ஏடிஎம், பில், பேங்க், எல்லாம் ஒரே மூச்சில்.

திறந்திருந்த போனை மூடி, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அப்புறம், "நான் என்ன, உங்காசக் குடிச்சுட்டுத் திரியுறேனா?" என்றார்.

"அப்புடி யார் சொன்னா?"

"பெறகு என்னத்துக்கு நம்பர மாத்துன? வீட்டு வாடக யாருக்குக் கட்டுறேன்? பாப்பா பீசு யாருக்கு?"

"நீங்க கட்டலைன்னு சொல்லல. நானும் பாத்துக் கட்டுறேன்னு சொல்றேன்."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "கண்ணு தெரியலைன்னு ஏன் வினி எங்கிட்டச் சொல்லல? வேணாம்னா சொல்லிருப்பேன்?"

"வேணாம்னு சொல்லிருக்க மாட்ட. எதுக்குன்னு கேட்டுருப்ப. நூறு ரூவாய்க்கும் எதுக்கு, கண்ணுக்கும் எதுக்கு. எட்டு மணி நேரம் நின்னு சம்பாதிச்சுட்டு வந்து தெனம் கையேந்துனா எப்புடி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

'நீ' என்று வந்துவிட்டது. கல்யாணமாகி ஏழு வருடத்தில் முதல் தடவை. இருவருக்குமே அது கேட்டது. திருத்திக்கொள்ளலாமா என்று நினைத்தேன். திருத்தவில்லை. அழுகைதான் வந்தது.

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஏற்கெனவே மூடிய போனை மறுபடி திறந்தார்.

ஜூலை 23

பேசவில்லை. பாப்பா வழியாகத்தான் பேச்சு. "அம்மாட்ட தொட்டுக்க வெஞ்சனம் கேளு." "அப்பாட்ட வச்சாச்சுன்னு சொல்லு."

ஜூலை 24, வியாழன்

விடியற்காலையில் அய்யலூர் சந்தைக்குப் போய்விட்டார். அவர் சிநேகிதர் ராமர் ஆடு வாங்கப் போகிறாராம், துணைக்காம். கடையைப் பூட்டிவிட்டு இவர் ஒருநாளும் எங்கேயும் போனதில்லை. யோசிக்கப் போயிருக்கிறாரா, கோபத்தில் போயிருக்கிறாரா?

ஆனாலும் ஒன்று. எனக்கு பயமாக இல்லை. இருக்க வேண்டும், இல்லை.

ஜூலை 25, வெள்ளி

மத்தியானம் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் டிபன் பாக்ஸுக்கு மேலே, பேப்பரில் சுற்றி, என் டெபிட் கார்டு!

ஓரமெல்லாம் தேய்ந்து போயிருக்கிறது. பேப்பரில் அவர் கையெழுத்தில் நான்கு எண். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன் — அவர் பைக் நம்பர். என் கார்டுக்கு அவர் பைக் நம்பர்!

டியூட்டி முடிந்ததும் ஓடினேன். ஏடிஎம்மில் நம்பரை மாற்றினேன். புது நம்பரை இங்கேகூட எழுதப்போவதில்லை. இருப்பு 212 ரூபாய். ரசீது எடுத்து வைத்திருக்கிறேன். வெளியே வந்து நிற்கும்போதே என் போனில் மெசேஜ் வந்தது. என் கணக்கு. என் போன். இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்க்கு இப்படிப் பூரித்தவள் திண்டுக்கல்லிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் அவர் கேட்டார், நேராக என்னிடமே: "மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"ம்." கொஞ்சம் கழித்து, "ராமர்ட்ட சொன்னேன். 'எம்பொண்டாட்டி கார்டும் எங்கிட்டதான் இருக்கு, ஏன், என்ன தப்பு'ன்னான். அவன் சொல்றப்பக் கேக்க நல்லா இல்ல" என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பில் கட்டக் கடைசி நாள். காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது, பத்து, பத்தரை. இந்த மாதம் பார்த்துத் தள்ளிப்போனால்? அக்கா, "போனை முறைச்சா வந்துருமா, பெட் நாலுக்கு பிரஷர் பாரு" என்று விரட்டினார்.

11.20. பிரஷர் கருவியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பாக்கெட்டில் அதிர்ந்தது. பெட் நாலில் இருந்த தாத்தாவின் அளவை எழுதி முடித்துவிட்டுத்தான் எடுத்தேன். சம்பளம்! பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. தாத்தாவிடம், "எனக்கு சம்பளம் வந்துருச்சு தாத்தா" என்றேன். "வரட்டும், வரட்டும்" என்றார்.

அங்கேயே 9,197ஐ முழுசாகக் கட்டினேன். மினிமம் இல்லை. முழுசு.

அக்கா எட்டிப் பார்த்து, "இப்ப வெளங்குச்சா?" என்றார். வெளங்குச்சுக்கா.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாப்பா தூங்கின மத்தியானத்தில் இருவரும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். என்னிடம் பத்தாயிரத்துச் சொச்சம்தான் மிச்சம், இந்த மாதம் இழுபறிதான். மளிகை, பால், ஸ்கூல் நான். வாடகை அவர். கடைக்கடன் ஆளுக்குப் பாதி. இத்தனை வருடம் இதையெல்லாம் இவர் தனியாக மண்டையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பால்காரருக்கு எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

கிரெடிட் கார்டை வெட்டிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. திடீரென்று ஆஸ்பத்திரி செலவு என்றால் இருக்கட்டும். அட்டை பீரோ லாக்கரில், அடுத்த மாதச் சம்பளத்தில் அடைக்க முடிகிறதற்கு மட்டும் வெளியே வரும். தினப்படிச் செலவுக்கு டெபிட்தான், போனில் ஸ்கேன் பண்ணவும் சம்பளக் கணக்கையே இணைத்துவிட்டேன். ஒச்சம்மாளிடம் பூ வாங்கலாம்! அதைவிட, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு மிச்சம் என்று தெரிகிறது. நீல அட்டையில் செலவழித்த மூன்று வாரமும் எனக்கு அது தெரியவே இல்லை. அந்தச் சந்தோஷம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாதி, தெரியாததனால் வந்த சந்தோஷம்.

ஆகஸ்ட் 21

ஒச்சம்மாளிடம் ஸ்கேன் பண்ணினேன். போனது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்று பேரும் பைக்கில் சிறுமலை. காலையில் கிளம்பும்போது வெயில், மேலே போனால் பனி. பாப்பாவுக்குப் பதினெட்டு வளைவையும் எண்ண வேண்டும், எண்ணிக்கை தப்பினால் அழுகை.

இறங்கி வரும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "வினி, கடைக்கு போன் டிஸ்ப்ளே சரக்கு வாங்கிப் போடணும். பண்டிகை வருதுல்ல. ஒரு எட்டாயிரம் இருந்தா... அக்டோபர் பத்தாந்தேதிக்குள்ள தந்துருவேன்."

முகத்தைப் பார்க்க முடியவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. கேட்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. அந்த இடத்தில் எத்தனையோ நாள் நான் நின்றிருக்கிறேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"சரி" என்றார். "ஏழு!" என்றாள் பாப்பா.

இரண்டு வளைவு கழித்து, "யோசிச்சியா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

மனதில் கணக்குப் போட்டேன். பதினோராயிரத்து இருநூற்று நாற்பது இருக்கிறது. வேன் பீஸ் கட்டவேண்டும். பால், மளிகை. மாதம் இன்னும் பாதி கிடக்கிறது. பாப்பா பன்னிரண்டு, பதிமூன்று என்று கத்திக்கொண்டே வந்தாள். கீழே தரை தெரிந்தது, தென்னந்தோப்பும் தகரக் கொட்டகைகளும் தெளிவாக, ஒவ்வொன்றாக.

"பதினெட்டு!"

"அஞ்சாயிரம் தரலாம். எட்டு முடியாது" என்றேன்.

வண்டியை ஓரம் கட்டினார். கோபமோ என்று பார்த்தால், தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். "அஞ்சு போதும்டி. ஏழு கெடைக்கும்னுதான் எட்டுன்னு கேட்டேன்."

வீட்டுக்கு வந்து, பாப்பாவின் ஸ்வெட்டரைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அனுப்பிவிட்டேன். அடுப்படியிலிருந்து, "வந்துருச்சு வினி" என்று குரல் கொடுத்தார். டீ போட்டுக்கொண்டிருந்தார்.